மாலை யார் கழுத்தில்?

கேள்வி: ஜூன் 7ஆம் தேதி காலை கண் விழித்தால் எங்கள் தாமான் (குடியிருப்பு) புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயருக்குக் கண்ணீர் அஞ்சலி. 'செயற்கை நுண்ணறிவின் தந்தை' என்று தலைப்பு, மாலை போட்ட படம், நீளமான கவிதை. மெழுகுவர்த்தியும் கூப்பிய கையுமாக எழுபதுக்கு மேல் வந்து விழுந்தன. அதே வாரம் எங்கள் வரிசையில் நாற்பது ஆண்டுகள் ரப்பர்ப் பால் வெட்டிய பெரியவர் இறந்தார். அவருக்கு விழுந்தவை மூன்று. என்றோ செத்துப்போன வெள்ளைக்காரருக்கு இவர்கள் அழுவது நாடகம்தானே? அவருக்கும் நம் தோட்டத்து ஊருக்கும் என்ன சம்பந்தம்? அஞ்சலியின் நகலை இணைத்திருக்கிறேன்.
(பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: நகலைப் பார்த்தேன் ஐயா. முதலில் ஓர் அவசரச் செய்தி. மாலைக்குள் இருப்பவர் டூரிங் அல்ல. திரைப்படத்தில் டூரிங்காக நடித்த நடிகர். ஆள் நலமாக இருக்கிறார். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்டால் நம் வீட்டுப் பெண்கள் என்னென்ன சொல்லித் திட்டுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுபது பேர் கும்பிட்டிருக்கிறார்கள், ஒருவர்கூட முகத்தைப் பார்க்கவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சம்பந்தம் வேண்டுமா? டூரிங்கின் தாயார் 1881இல் பிறந்தது போத்தனூரில். ஆம், கோயம்புத்தூரை அடுத்த அதே போத்தனூர். தாய்வழித் தாத்தா மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். தந்தையோ மதராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. சேலம், கோவைப் பக்கத்திலிருந்து கப்பலுக்குப் புறப்பட்ட நம் பாட்டன்மார் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது அந்தத் தாத்தாவின் ரயிலில்தான் இருக்கும். இதை எழுதும்போதே பயமாக இருக்கிறது. 'தமிழ் மண்ணின் பேரன் டூரிங்' என்று அடுத்த வாரமே இன்னொரு படம் புறப்படும், அதிலும் அந்த நடிகரே இருப்பார்.

உறவு பார்த்துத்தான் அழ வேண்டும் என்ற உங்கள் கட்சியில் நான் இல்லை. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்த செய்தி வந்த அன்று எங்கள் லயத்தில் பாதி வீடுகளில் உலை வைக்கவில்லை. எங்களுக்கு அவர் மாமனா, மச்சானா? முகம் தெரியாதவருக்காக அழுவது நமக்குப் புதிதல்ல. அதை நாடகம் என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு உறுத்துவது அந்தக் கவிதை. அதன் தலையில் 'இதோ, நீங்கள் கேட்ட உருக்கமான இரங்கல் கவிதை' என்று ஒரு வரி இருக்கிறது. அழிக்க மறந்துவிட்டார்கள். இயந்திரத்திடம் கேட்டு வாங்கி அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். கூலிக்கு மாரடிப்பது என்று நாம் ஏளனமாகச் சொல்வோம். கூலிக்கு மாரடிப்பவருக்கு மார்பாவது வலிக்கும். இங்கே அதுவும் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியோடு 1950இல் டூரிங் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு கற்பனை உரையாடல் வருகிறது. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தைப் பற்றிக் கவிதை எழுதச் சொல்லி ஒருவர் கேட்கிறார். "என்னை விட்டுவிடுங்கள், எனக்குக் கவிதை எழுத வராது" என்று பதில் வருகிறது. அடுத்து 34957உடன் 70764ஐக் கூட்டச் சொல்கிறார். அரை நிமிடம் கழித்து வரும் விடை 105621. நீங்களே கூட்டிப் பாருங்கள், நூறு குறையும். மனிதனைப் போல நடிக்க வேண்டுமென்றால் தயங்கவும், தப்பாகக் கூட்டவும், வராததை வராது என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும் என்ற குறும்பு அதற்குள் இருக்கிறது. டூரிங் கற்பனை செய்த இயந்திரத்துக்கு இருந்த அடக்கம் உங்கள் குழுவில் யாருக்கும் இல்லை.

என் பாட்டி ஒப்பாரி வைப்பவர். தோட்டத்தில் யார் செத்தாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அவர் பாட்டை வேறு பிணத்துக்கு மாற்றிப் பாட முடியாது. செத்தவரின் தோளில் பால் வாளி சுமக்கும் காண்டாக் கம்பு போட்ட தழும்பு அதில் இருக்கும். எந்த நிரையில் வெட்டினார், மழை நாளில் பால் பிடிக்கும் மங்கு கவிழ்த்துவிட்டு யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார் என்பதெல்லாம் வரும். ஏச்சும் வரும். வாங்கிய இரண்டு வெள்ளியைத் தராமல் போய்விட்டாயே என்று ஒரு முறை பாட்டிலேயே கேட்டுவிட்டார், பிணத்தின் மகன் அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தார். உங்கள் குழுவின் கவிதையில் டூரிங் என்ற பெயரை எடுத்துவிட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் முன்னாள் பொருளாளர் பெயரைப் போட்டுப் படித்தேன். ஓரிடத்திலும் தட்டவில்லை.

கவிதைக்குக் கீழே இருக்கும் தகவல்களும் அதே தரம்தான். ஆப்பிள் நிறுவனத்தின் கடித்த ஆப்பிள் சின்னம் டூரிங்கின் நினைவாக வைத்தது என்கிறது ஒரு வரி. 1977இல் அந்தச் சின்னத்தை வரைந்தவரே இதை மறுத்திருக்கிறார். செர்ரிப் பழம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கடித்த மாதிரி வரைந்தாராம். போர்க்காலத்து ஜெர்மானியரின் எனிக்மா மறைகுறியை டூரிங் தனி ஆளாக உடைத்தார் என்கிறது இன்னொரு வரி. 1932இலேயே அதில் முதல் உடைப்பைச் செய்தவர்கள் போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள்.

பொய்களைக்கூட மன்னித்துவிடலாம். இத்தனை நீளக் கண்ணீரில் அவர் எப்படி இறந்தார் என்பது மட்டும் இல்லை. 'காலன் கவர்ந்தான்' என்று முடித்துவிட்டார்கள். காலன்மீது பழி போடாதீர்கள். ஓர் ஆணோடு உறவு வைத்திருந்தார் என்பதற்காக 1952இல் பிரிட்டிஷ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. சிறையா, ஹார்மோன் சிகிச்சையா என்று கேட்டது. அவர் இரண்டாவதை ஏற்றார். போர்க்காலத்தில் எந்த நாட்டுக்காக மறைகுறி உடைத்தாரோ அந்த நாடே அவரை இரகசியப் பணிகளிலிருந்து விலக்கியது. இரண்டாண்டு கழித்து, 41 வயதில், சயனைடு நஞ்சால் இறந்தார். தற்கொலை என்று விசாரணையில் முடிவானது. படுக்கைக்குப் பக்கத்தில் பாதி தின்ற ஆப்பிள் கிடந்தது, அதில் நஞ்சு இருந்ததா என்று ஒருவரும் சோதிக்கவில்லை. நம் குழுக்களில் இதைச் சொல்ல வாய் கூசும், எனக்குத் தெரியும். அப்படியானால் அஞ்சலியே போடாதீர்கள். சாவு வீட்டுக்குப் போய்ச் சாவை மட்டும் பேசாமல் திரும்புவது என்ன மரியாதை?

இணையத்தில் வேறு மாதிரியும் துக்கம் காத்திருக்கிறார்கள். 2009இல் ஜான் கிரஹாம்-கம்மிங் என்ற ஆங்கிலேயக் கணினி நிரலாளர், டூரிங்குக்கு அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு மனுவை இணையத்தில் வைத்தார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 10 அன்று பிரதமர் கோர்டன் பிரவுன் மன்னிப்புக் கேட்டார். 2013 டிசம்பரில் அரச மன்னிப்பும் வந்தது. 2021இல் ஐம்பது பவுண்டு நோட்டில் டூரிங்கின் முகம் வந்தது, அதில் இருப்பது நிஜ டூரிங். இறந்து ஐம்பத்தைந்து ஆண்டு ஆனவருக்காக முப்பதாயிரம் பேர் தம் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். கூப்பிய கைக்குப் பெயர் உண்டா?

எனக்கு அதைவிடப் பிடித்தது பூ விஷயம். மான்செஸ்டர் நகரப் பூங்காவில் டூரிங் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போல ஒரு சிலை இருக்கிறது. அவர் பிறந்த நாளான ஜூன் 23 அன்று அந்தச் சிலையடியில் வைக்க, முகம் தெரியாதவர்கள் இணையத்தின் வழியே ஆளுக்கு ஒரு பூங்கொத்துக்கான சிறு தொகையை அனுப்பினார்கள். பூ வாங்கியது போக மீந்த பணம் உடற்குறை உள்ளவர்களுக்கு உதவும் தொண்டு அமைப்புக்குப் போனது. சின்னச் சின்ன வசூலின் அருமையைச் சுங்கை சிப்புட்டுக்கு நான் சொல்லித்தர வேண்டாம். மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கிய துன் சம்பந்தனின் ஊர் இது.

ஏச்சு என்றேனே, அதற்கும் கணினிக்காரர்களிடம் இடம் உண்டு. 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயருக்கு ஆங்கில மூலத்தைத் தந்தவர் ஜான் மெக்கார்த்தி. 2011 அக்டோபர் 24 அன்று இறந்தார். அதே மாதம் 5ஆம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்து, கடைவாசல்களில் பூக்கள் மலையாகக் குவிந்திருந்தன. மெக்கார்த்திக்கு மலை இல்லை. அவர் உருவாக்கிய லிஸ்ப் என்ற கணினி மொழியில் திரும்பிய பக்கமெல்லாம் அடைப்புக்குறிதான். அதைப் பழகியவர்களில் சிலர் தங்கள் இரங்கலையே அடைப்புக்குறிக்குள் எழுதினார்கள். அதுதான் அவர்களுடைய ஒப்பாரி. வேறு யாருக்கும் அது பொருந்தாது. 1955இல் மெக்கார்த்தியும் நண்பர்களும் எழுதிய திட்டத்தையும் பேசத்தானே வேண்டும்? பத்துப் பேர் ஒரு கோடைக்காலத்தில் இரண்டு மாதம் உட்கார்ந்தால், மனிதனுக்கே உரிய சில சிக்கல்களை இயந்திரம் தீர்ப்பதில் பெரிய முன்னேற்றம் காணலாம் என்று நம்பிய திட்டம் அது. கணக்குப் போட மறுப்பவன் உளறத்தான் செய்வான் என்ற கருத்தில் ஊருக்கெல்லாம் சொன்னவரும் அவரேதான். என் பாட்டி இருந்திருந்தால் இந்த இரண்டையும் ஒரே அடியில் பாடியிருப்பார்.

இப்போது உங்கள் முறை. பெரியவருக்கு விழுந்த அந்த மூன்றில் ஒன்று உங்களுடையதா? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. பெரியவரின் பெயரையும் சொல்லவில்லை, எந்தத் தோட்டத்தில் வெட்டினார் என்பதையும் சொல்லவில்லை. நாற்பது ஆண்டு, பால் வெட்டினார், இவ்வளவுதான். டூரிங்கை அடிக்க ஒரு கம்பு தேவைப்பட்டது, பெரியவர் கைக்கு அகப்பட்டார். குழுவில் உள்ளவர்கள் ஆள் மாறி மாலை போட்டார்கள் என்றால், நீங்கள் முகமே இல்லாமல் போட்டிருக்கிறீர்கள்.

இந்த விஷயத்தில் நானும் யோக்கியன் அல்ல. நம் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வரும் நினைவஞ்சலி விளம்பரங்களுக்கு எங்களிடம் ஐந்து மாதிரிகள் இருக்கின்றன. 'ஆறாத் துயரில்' என்று தொடங்குவது மூன்றாம் எண். பணம் கட்டுபவர்கள் எண்ணைச் சொன்னால் போதும், பெயரையும் படத்தையும் பொருத்திவிடுவோம். இயந்திரம் வருவதற்கு முன்பே நாங்கள் இயந்திரமாகத்தான் இருந்திருக்கிறோம்.

உயிரோடு இருப்பவருக்கு மாலை போட்டே தீருவது என்று உங்கள் குழு நிற்குமானால், அதற்கும் ஆள் இருக்கிறார். கைப்பேசியில் நாமெல்லாம் தமிழில் தட்டி அனுப்புகிறோமே, அதற்கு வழி போட்டவர்களில் ஒருவர், முரசு அஞ்சல், செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலிகளை உருவாக்கிய முத்து நெடுமாறன். செம்பனைத் தோட்டங்கள் நிறைந்த கேரித் தீவுக்காரர். தோட்டத்துக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்ற உங்கள் கேள்வியை அவரிடம் கேட்டிருந்தால் பதில் இதைவிடச் சுருக்கமாக இருந்திருக்கும்.

பெரியவரைப் பற்றி இருநூறு சொல்லில் எழுதி அனுப்புங்கள். எந்தத் தோட்டம், எத்தனை மரம் வெட்டினார், யாரோடு சண்டை, எந்த ஒட்டுக்கடையில் தேநீர், உங்களுக்கு ஏதாவது பாக்கி வைத்தாரா, எல்லாம் வேண்டும். கட்டணம் இல்லாமல் அடுத்த இதழில் படத்தோடு போடுகிறேன். 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று தொடங்கினால் திருப்பி அனுப்பிவிடுவேன். படம் அவருடையதுதானா என்று அனுப்புவதற்கு முன் வீட்டில் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.