மார்க்ஸா, டர்கைமா: மதிப்பெண் குறைந்த இடம்

உங்கள் சமூகவியல் விடைத்தாளில், மார்க்ஸின் அந்நியமாதலுக்கு (alienation) விளக்கம் கேட்ட இடத்தில் நீங்கள் எழுதியிருப்பது பிரெஞ்சு சமூகவியலாளர் டர்கைமின் நெறியின்மை (anomie). மதிப்பெண் அங்கேதான் போயிருக்கிறது.

மார்க்ஸ் 1844 கையெழுத்துப் படிகளில் அந்நியமாதல் என்று சொல்வது இது: தொழிலாளி தான் செய்த பொருளிடமிருந்தும், செய்யும் வேலையிடமிருந்தும், சக மனிதரிடமிருந்தும், தன் மனித இயல்பிடமிருந்தும் பிரிக்கப்படுகிறார். டர்கைம் 1893லும் 1897லும் எழுதிய நூல்களில் பேசுவது வேறு சிக்கல். சமூக நெறிகள் தளர்ந்து, ஆசைக்கு வரம்பில்லாமல் போவது; அதுதான் நெறியின்மை.

இரண்டிலும் மனிதன் ஒட்டாமல் நிற்பதால் குழம்பியிருப்பீர்கள். பெரும்பாலும் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம்தான். உங்கள் பதிலை எடுத்து, 'இதற்குத் தீர்வு என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். உற்பத்தி உறவு, அதாவது உடைமையாளருக்கும் தொழிலாளிக்கும் உள்ள உறவு, மாற வேண்டும் என்று வந்தால் மார்க்ஸ். நெறிகள் வலுப்பட வேண்டும் என்று வந்தால் டர்கைம்.

அப்புறம், கேள்வியில் அமெரிக்கச் சமூகவியலாளர் மெர்ட்டன் பெயர் இருந்தால் இந்தச் சோதனை உதவாது. 1938இல் அவர் நெறியின்மையை சமூகம் காட்டும் இலக்குக்கும் அதை அடையக் கிடைக்கும் வழிக்கும் உள்ள இடைவெளியாக மாற்றிவிட்டார்.