கருஞ்சீரகம் சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

"எனக்கு 54 வயது. சர்க்கரை நோய்க்கு இரு வேளையும் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். கருஞ்சீரகப் பொடியை வெறும் வயிற்றில் சாப்பிட்டு வந்தால் மாத்திரையை விட்டுவிடலாம் என்கிறார் உறவினர் ஒருவர். வாங்கி வந்த விதையில் சீரக மணமே இல்லை. இது அசல்தானா? எவ்வளவு சாப்பிடலாம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மணத்தைக் குறித்துத் தாங்கள் கலங்க வேண்டாம். கருஞ்சீரகம் பெயரில் மட்டுமே சீரகம். சமையல் சீரகம் கொத்தமல்லி, சோம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. கருஞ்சீரகமோ 'நைஜெல்லா சட்டைவா' என்னும் முற்றிலும் வேறான செடியின் விதை. நாலைந்து விதைகளை உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். பளபளப்பில்லாத கறுப்பும், மூன்று முனைகள் கொண்ட கோண வடிவமும், தொட்டால் லேசான சுரசுரப்பும் இருக்க வேண்டும். நகத்தால் பிளந்தால் உள்ளே வெண்மை தெரியும். நசுக்கினால் ஓமத்தை நினைவூட்டும் வாசனை எழும். மென்றால் முதலில் கசந்து, பிறகு மிளகைப் போல் நாக்கில் மெல்ல உறைக்கும். வெங்காய விதை பார்வைக்கு ஏறக்குறைய இப்படியே இருந்தாலும் நசுக்கும்போது அந்த வாசனை வராது. காட்டுச்சீரகம் நீண்டு, வரிகளோடு, கடுங்கசப்பாக இருக்கும்; அது வேறு மருந்து, அதை இதற்குப் பதிலாகச் சாப்பிடக் கூடாது.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறையில் கிடைத்ததும், நபிமொழியில் போற்றப்பட்டதும், யுனானி மருத்துவர்கள் செரிமானத்துக்கும் இருமலுக்கும் கொடுத்து வந்ததுமான இவ்விதையின் மீது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இதன் எண்ணெயில் உள்ள தைமோகுவினோன் என்னும் வேதிப்பொருளைப் பற்றி ஆய்வுகள் பல நடந்துள்ளன. சர்க்கரை நோயாளிகளுக்கு நாள்தோறும் சுமார் 2 கிராம் வீதம் மூன்று மாதங்கள் கொடுத்துப் பார்த்ததில் இரத்தச் சர்க்கரை ஓரளவு குறைந்ததும் பதிவாகியுள்ளது. ஆனால் அவர்கள் தங்கள் மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே கருஞ்சீரகத்தையும் சாப்பிட்டவர்கள் என்பதைத்தான் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கிடைத்த பலன் துணைப் பலனே. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது கண்ணையும் சிறுநீரகத்தையும் பணயம் வைப்பதாகும்.

மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவதிலும் கவனம் தேவை. கிளிமிபிரைடு போல இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரையையோ இன்சுலின் ஊசியையோ தாங்கள் பயன்படுத்தினால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிட வாய்ப்புண்டு. கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, அடங்காத பசி ஆகியவை அதன் அறிகுறிகள். அவை தோன்றினால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிட்டுவிட்டு அளவைச் சோதிக்க வேண்டும். ஆகவே தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் சில வாரங்கள் சற்று அடிக்கடியே சோதித்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் இரண்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். கர்ப்பிணிகள் மருந்தளவில் சாப்பிடவே வேண்டாம்; உணவில் தாளிப்பாகச் சேரும் சிட்டிகை அளவு வேறு.

மருத்துவர் சம்மதித்தால், தலைதட்டிய ஒரு சிறு தேக்கரண்டிக்கு மேல் ஒரு நாளைக்கு வேண்டியதில்லை. வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. குமட்டலோ நெஞ்செரிச்சலோ வருகிறவர்கள் உணவோடு சேர்த்துக்கொள்வதே நல்லது. வெறும் வாணலியில் சிறு தீயில் வாசனை எழும் வரை மட்டும் வறுத்தால் கசப்பு தணியும். கருக விட்டால் மணமும் எண்ணெய்ச் சத்தும் போய்விடும். விதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் என்பதால் பொடி விரைவில் சிக்கு வாடை அடிக்கும். விதையாகவே காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது பொடித்துக்கொள்ளுங்கள்.