பஸ் ஸ்டாண்டுல புள்ளைக்கு ஒண்ணுக்கு வந்தா

சிஸ்டர், கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுல மூணு வயசுப் பொண்ணு ஒண்ணுக்கு வருதுன்னு அழுது, ஓரமா உக்கார வச்சதுக்கு ஒருத்தர் திட்டினாருன்னு எழுதியிருக்கீங்க, நீங்க பண்ணதுல தப்பே இல்லங்க. அந்த வயசுல மூத்திரப்பை சுமாரா 150 மில்லிதான் கொள்ளும், வந்துருச்சுன்னா அடக்க வராது, அடக்கு அடக்குன்னு பழக்குனா பொம்பளப் புள்ளைக்கு யூரின் இன்ஃபெக்ஷன் வர வாய்ப்பு அதிகம்.

ஆனா உங்க மாமியார் சொல்ற மாதிரி காவிரிப் படித்துறையில மட்டும் விட்றாதீங்க, சனங்க அங்க எறங்கிக் குளிக்குறாங்க, வாய் கொப்பளிக்குறாங்க, பாவம். டீக்கடை ஓரமும் வேணாம். மண்ணு உள்ள எடமா பாத்து, துப்பட்டாவ மறைப்பா பிடிச்சு உக்கார வைங்க, முடிஞ்சதும் பாட்டில் தண்ணிய ஊத்திவிடுங்க. மாயவரம், தஞ்சாவூர்னு கெளம்புனா வீட்லயே ஒருதடவ போக வச்சிருங்க, பையில மாத்து ஜட்டியும் இருக்கட்டும்.