ரூபாய் என்று பொறித்ததெல்லாம் ஷெர்ஷா காசா?

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் ராணி தலை போட்ட 1862-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்று கிடைத்தது. “ரூபாய் என்பது ஷெர்ஷா வைத்த பெயர், அந்தப் பெயர் இருந்தாலே லட்சக்கணக்கில் போகும். ரிசர்வ் வங்கியில் பதிய முன்பணம் கட்டுங்கள்” என்கிறார் ஒரு தரகர். நம்பலாமா?

முதலில், பணத்தைக் கட்டாதீர்கள்.

பெயர்க் கதையில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து. 1540 முதல் 1545 வரை டெல்லியை ஆண்ட ஷெர்ஷா சூரி, சுமார் 11.5 கிராம் வெள்ளிக்காசை ‘ரூபியா’ என்று நிலைநிறுத்தினார். ஆனால் சொல் அவருடையதல்ல. ‘ரூபம்’ என்றால் உருவம். உருவம் பொறித்தது ‘ரூப்யம்’. ஷெர்ஷாவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பு பாணினி எழுதிய சமஸ்கிருத இலக்கணத்திலேயே இது வந்துவிடுகிறது. முகலாயரும் கிழக்கிந்தியக் கம்பெனியாரும் அதே பெயரில் அடித்துத் தள்ளினார்கள். பெயரை வைத்து அபூர்வம் என்றால் உங்கள் சட்டைப்பையில் இருப்பதும் அபூர்வம்தான்.

உங்கள் காசைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் விக்டோரியா, மறுபக்கம் பூவேலைக்குள் ஆங்கிலத்தில் ‘ஒன் ருப்பீ இந்தியா 1862’. எடை 11.66 கிராம், அதாவது பழைய எடைக் கணக்கில் ஒரு தோலா. 1874 வரை அடித்த காசுகளிலும் ஆண்டை மாற்றாமல் 1862 என்றே போட்டார்கள். அதனால் இவை ஏராளம். நல்ல வெள்ளி, அவ்வளவுதான்.

இனி அந்தத் தரகர். ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்குவதில்லை, விற்பதில்லை, பதிவதில்லை. தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று 2021 ஆகஸ்டில் அதுவே அறிவித்தது. வங்கி முத்திரையோடு வாட்ஸ்அப்பில் கடிதம் வரும். முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் வரி, அப்புறம் ‘கடைசியாக ஒன்று’. அறிவித்ததோடு கடமை முடிந்தது என்று எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கடிதம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம். காசு பெட்டியில் இருந்ததா, மண்ணில் கிடைத்ததா? பெட்டி என்றால் கவலையில்லை. அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்திருந்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எவ்வளவுக்கு மேல் என்று கேட்பீர்கள்: பத்து ரூபாய்க்கு மேல்! ஒரு டீ விலையில் நிற்கிறது சட்டம், திருத்த யாருக்கும் நேரமில்லை. சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள், மறைத்தால் தண்டனை உண்டு. கொல்லையில் குடத்தோடு கிடைத்தாலும் இதே கதைதான்.

விற்பதானால் நாணயம் சேகரிக்கும் இரண்டு மூன்று பேரிடம் காட்டி விலை கேளுங்கள். அதுவரை விபூதி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். பளபளத்தால் விலை ஏறாது, இறங்கும்.