தண்ணீர் இறங்கியது ஆள் கூடியதாலா? கேள்வி பதில்

பல்லடத்திலிருந்து ஒருவர்: ஆயிரம் அடி ஓட்டியும் போர் கிணற்றில் புகைதான் வருகிறது. வடக்கே இருந்து இத்தனை பேர் வந்ததுதானுங்களே காரணம்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாமுங்க. நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு அளவுகோல். ஒரே அறையில் ஐந்து பேராகத் தங்கும் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிது. காய்க்கிற தென்னைக்குச் சொட்டுநீரிலேயே கோடையில் நாளைக்கு 70 லிட்டர் போலப் பிடிக்கும். ஏக்கருக்கு 70 மரம் என்றால் 4,900 லிட்டர், அதாவது 36 பேர் தண்ணீர். (நானும் தோப்புக்காரன்தான், சண்டைக்கு வராதீர்கள்.)

காங்கேயத்திலிருந்து: நொய்யல் ஆறு கெட்டது கூட்டத்தால்தானே?

கெட்டது சாயப்பட்டறைக் கழிவால். அங்கே சாயம் போட்ட துணியை உடுத்தியவர்களில் பாதிப்பேர் நொய்யலைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். சாயம் நூலில் பிடிக்க உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்ட வேண்டும். நிறத்தை எடுத்துவிடலாம், கரைந்த உப்பு லேசில் போகாது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்புறம், கழிவை வெளியே விடாமல் சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கிற பட்டறைகளுக்குத்தான் அனுமதி. மாறியது தொழில்முறை, திருப்பூரின் தலைக்கணக்கு அல்ல.

கோபியிலிருந்து: குடும்பக் கட்டுப்பாட்டைக் கடுமையாக்கினால்?

இனி எதைக் குறைப்பது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. 2.1 இருந்தால்தான் தலைமுறை ஈடாகும்.

கோவையிலிருந்து: அப்படியானால் மக்கள்தொகைக்குப் பங்கே இல்லையா?

உண்டு. 2011 கணக்கெடுப்பிலேயே கோவை மாவட்டத்தில் 34.58 லட்சம் பேர். அத்தனை பேர் சாக்கடையும் எங்காவது போயாக வேண்டுமே, குளத்து ஆகாயத்தாமரைக்கு அதுதான் தீனி. ஆனால் தலையை எண்ணுகிறவர்கள் வீட்டை எண்ணுவதில்லை. அப்பாரு காலத்தில் எட்டுப் பேருக்கு ஒரு கிணறு. பேரன்கள் பாகம் பிரித்ததும் மூன்று வீடு, மூன்று போர், மூன்று கார். ஆள் அதே எட்டுதான்.

அவிநாசியிலிருந்து: அத்திக்கடவு-அவிநாசித் திட்டத் தண்ணீர் வந்துவிட்டதே?

சந்தோஷம். பவானி ஆற்று உபரியில் 1.5 டிஎம்சி (150 கோடி கன அடி), 1,045 குளம் குட்டைகளுக்கு. குளம் நனைந்த வாரமே கரையோரம் புது போருக்கு லாரியைக் கூப்பிடுகிறார்களே, அவர்களை என்ன செய்ய?