கேட்பதும் எழுதிவைப்பதும்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளை நான்கைந்து வருடங்களாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை.

எங்கள் அலுவலகத்தில் தெலங்கானா போன் ஒட்டுக்கேட்பு வழக்கைப் பற்றிப் பேச்சு வந்தது. பிஆர்எஸ் கட்சி அங்கே ஆட்சியில் இருந்தபோது எதிர்க்கட்சிக்காரர்களின் போனை ஒட்டுக்கேட்டார்கள் என்கிறார்கள். அந்தக் கட்சிக்காரர்கள் இல்லவே இல்லை என்கிறார்கள். இதற்கு முன்னால் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள். அதற்கும் முன்னால் வேறு ஏதோ. எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லாரும் அலறுகிறார்கள், நாற்காலி கிடைத்ததும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு மூன்று கேள்விகள். பெகாசஸ் விவகாரத்தில் கடைசியில் என்னதான் நிரூபணமானது? எந்த ஆப்பில் பேசினால் பாதுகாப்பு? தலைவர்கள் ஒருவரை ஒருவர் ஒட்டுக்கேட்டால் என்னைப் போலக் கணக்கெழுதுகிற ஆளுக்கு என்ன வந்தது? என்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை.

இதைத் தளத்தில் வெளியிட்டால் தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம். அலுவலகத்தில் சிக்கலாகிவிடும்.

அன்புடன்,
(பெயர் நீக்கப்பட்டது)

*

அன்புள்ள தம்பி,

ஒளிக்க ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே பெயரைப் போடாதீர்கள் என்கிறீர்கள். படித்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரித்ததற்காகச் சங்கடமாக இருந்தது. நீங்கள் கேட்டது நியாயம். மேலாளருக்குத் தெரிய வேண்டாத விஷயம் எல்லாருக்கும் இருக்கும், அது குற்றமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன? ஆனால் அந்த முதல் வாக்கியத்தை இனி யாரிடமும் சொல்லாதீர்கள். ஒட்டுக்கேட்கிறவன் நம்மைச் சொல்லவைக்கும் வாக்கியம் அது.

பெகாசஸை முதலில் முடித்துவிடுகிறேன். 2021 ஜூலையில் செய்தி வெடித்தது. மென்பொருள் இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்துடையது. அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. குறிவைக்கப்பட்டிருக்கலாம் என்று வெளியான பட்டியலில் ராகுல் காந்தி பயன்படுத்திய எண்களும் இருந்தன. அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி.ரவீந்திரன் மேற்பார்வையில் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. 2022 ஆகஸ்டில் குழுவின் அறிக்கை வந்தது. சோதித்த 29 போன்களில் 5-ல் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மத்திய அரசு விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை. அவ்வளவுதான். நிரூபணமாகவில்லை என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒத்துழைக்கவில்லை என்ற கடைசி வரியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் அப்படித்தான் என்கிறீர்கள். ஆமாம், அப்படித்தான். 1988-ல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே ஒட்டுக்கேட்புப் புகாரில் பதவி விலகினார். 1991 மார்ச்சில் ராஜீவ் காந்தி வீட்டருகே ஹரியானா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் நோட்டம் விட்டார்கள் என்று காங்கிரஸ் கொதித்தது, பிரதமர் சந்திரசேகர் ராஜினாமா செய்தார். காங்கிரசுக்கு அது வெறும் சாக்கு என்பார்கள். இருக்கட்டும். ஆட்சியைக் கவிழ்க்க அந்தச் சாக்கு அன்றைக்குச் செல்லுபடியானதே! இன்றைக்கு அதைச் சொன்னால் உங்களை மாதிரி ஆள் கொட்டாவி விடுகிறார். ஊரில் எல்லாரும் திருடர்கள் என்றால் கதவைத் திறந்துபோட்டா தூங்குவீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. போன மாதம்தான் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தேன். அவள் போய் இரண்டு வருடமாகிறது, இப்போதுதான் அதைத் திறக்க மனசு வந்தது. புடவைகளுக்கு அடியில் தபால் தந்தித் துறையின் பழைய அடையாள அட்டை ஒன்று இருந்தது. அம்மா டெலிபோன் ஆபரேட்டர். சின்ன ஊர், சின்ன எக்ஸ்சேஞ்ச். போனை எடுத்தால் அம்மா குரல்தான் வரும். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிந்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இணைப்புக் கிடைத்ததும் மூன்று நிமிடம். முடிகிற நேரத்தில் அம்மா நடுவில் புகுந்து, இன்னும் வேண்டுமா என்று கேட்பாள்.

ஆகவே அம்மாவுக்கு எல்லாம் தெரியும். யார் வீட்டு நகை அடகில் இருக்கிறது, யார் பையன் மூன்றாவது தடவையும் பெயில், எந்த ஜவுளிக்கடைக்காரருக்கு மதுரையில் இன்னொரு குடும்பம். கல்யாண வீடுகளில் அதே ஆட்கள் எதிரில் வந்து "என்ன டீச்சர், சௌக்கியமா?" என்பார்கள். (ஆபரேட்டரை ஏன் டீச்சர் என்றார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வேலைக்குப் போகிற பெண் என்றாலே டீச்சர்தான் போல.) அம்மா முகத்தில் ஒன்றும் இருக்காது. அப்பாவிடம்கூட எதையும் சொன்னதில்லை.

1976 ஜனவரி 31 அன்று திமுக அரசு கலைக்கப்பட்டது. நெருக்கடி நிலைக் காலம். விசாரணை இல்லாமல் உள்ளே தள்ளும் மிசா சட்டத்தில் ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். சில நாள் கழித்து எக்ஸ்சேஞ்சுக்கு ஒருவர் வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை. எந்தத் துறை என்று யாரும் சொல்லவில்லை. "இவர் இங்கே உட்காருவார்" என்று மட்டும் மேலதிகாரி சொன்னாராம். அம்மாவின் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஒரு ஹெட்செட், ஒரு கோடு போட்ட நோட்டு. இரண்டே நம்பர்கள்தான் அவருக்கு வேண்டும். ஒன்று ஒரு வக்கீலுடையது. மற்றது இரும்புக்கடை வைத்திருந்த, கட்சியின் நகரச் செயலாளருடையது.

இரும்புக்கடைக்காரரின் மகளுக்குக் கோயம்புத்தூரில் பிரசவமாகியிருந்தது. பேரனுக்கு என்ன பெயர் வைப்பது என்று மூன்று நிமிடமும் போனில் சண்டை. அந்த ஆள் பெயரைக்கூட விடாமல் எழுதினார். எழுதிவிட்டு அம்மா பக்கம் திரும்பி, "இதுக்கு எந்த ழ-ம்மா?" என்று கேட்டாராம். அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதை நினைத்துக் கடைசிவரை வருத்தப்பட்டாள்.

அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அந்த இரண்டு நம்பர்களுக்கும் இணைப்புக் கொடுக்கிறபோது ஒருமுறை தொண்டையைச் செருமுவாள். இரும்புக்கடைக்காரர் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். 1977-க்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "டீச்சருக்கு அந்த வருஷம் பூரா சளி" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. பியூன் வாய் வழியாக விஷயம் ஊருக்குள் கசிந்துவிட்டது. கேட்கப்பட்டது இரண்டு நம்பர். பேச்சைச் சுருக்கிக்கொண்டது ஊர் முழுக்க. வாராவாரம் மனைவியைக் கூப்பிட்டு அழுகிற ஒரு பேங்க் குமாஸ்தா இருந்தார், அவருக்கும் அரசியலுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அவரும் "சௌக்கியம், வெச்சுடறேன்" என்று வைக்க ஆரம்பித்தார். அம்மா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. "மூணு நிமிஷத்துக்குக் காசு கட்டிட்டு ஒரு நிமிஷத்துல வெச்சுடறாங்கடி." எனக்குப் பத்து வயது. காசு வீணாகிறதே என்றுதான் அன்றைக்குப் புரிந்தது. கணக்கெழுதுகிற ஆளுக்கு என்ன வந்தது என்று கேட்டீர்களே தம்பி, அந்த இரண்டு நிமிடம்தான் போனது.

பெரியவளான பிறகு அம்மாவைச் சீண்டியிருக்கிறேன். நீயும்தானே எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டாய், அந்த ஆள் மட்டும் என்ன தப்பு செய்தான் என்று. "நான் கேட்டேன். எழுதலையே" என்றாள்.

தெலங்கானா வழக்கில் என்னை உறுத்துவதும் அந்த நோட்டுதான். 2023 டிசம்பர் 3 அன்று தேர்தல் முடிவு வந்தது, ஆட்சி மாறியது. அதையொட்டி, மாவோயிஸ்டுகளைக் கண்காணிக்க வேண்டிய உளவுப் பிரிவில் ஹார்டு டிஸ்குகளை அழித்துவிட்டார்கள் என்பது போலீசின் குற்றச்சாட்டு. வழக்கு நடக்கிறது, அப்போதைய ஆளுங்கட்சி மறுக்கிறது, தீர்ப்பை நான் எழுத முடியாது. ஆனால் குற்றச்சாட்டு உண்மையென்றால், தோற்றவர்கள் முதலில் தேடிப்போனது அந்த நோட்டைத்தான் என்று ஆகிறது.

சரி, இதற்கெல்லாம் அனுமதி கொடுப்பது யார்? இங்கேதான் நீங்கள் கணக்கெழுதுகிற ஆள் என்பது எனக்கு வசதி. உங்கள் அலுவலகத்தில் செலவு செய்கிறவரே வவுச்சரைப் பாஸ் பண்ணி, ஆடிட்டும் அவரே பார்த்தால் ஏற்றுக்கொள்வீர்களா? 1885-ஆம் வருடத் தந்திச் சட்டத்தை வைத்துக்கொண்டு நூறு வருடத்துக்கு மேல் ஓட்டினார்கள். அரசியல்வாதிகளின் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்டது பற்றி சிபிஐ அறிக்கை ஒன்று 1991-ல் வெளியானது. அதை வைத்து மக்கள் சிவில் உரிமைக் கழகம், அதாவது பியூசிஎல், உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பரில் தீர்ப்பு. உள்துறைச் செயலாளர்தான் உத்தரவிட வேண்டும், ஒரு உத்தரவு இரண்டு மாதம்தான் செல்லும், எப்படி நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு மறுஆய்வுக் குழு எல்லா உத்தரவுகளையும் பார்க்க வேண்டும். நல்ல ஏற்பாடு என்று தோன்றுகிறதா? குழுவில் யார் என்று பாருங்கள். மத்தியில் அமைச்சரவைச் செயலாளர், சட்டத் துறைச் செயலாளர், தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர். மாநிலத்தில் தலைமைச் செயலாளரும் இரண்டு செயலாளர்களும். நீதிபதி ஒருவர்கூட இல்லை. கேட்கச் சொல்வதும் அரசு, அனுமதிப்பதும் அரசு, சரிபார்ப்பதும் அரசு.

அதுகூடப் போகட்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அமைக்கப்பட்ட நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மறுஆய்வுக் குழுவின் முன்னால் ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் இருக்கின்றன. கால்குலேட்டரை எடுங்கள். எட்டு மணி நேரம் உட்காருகிறார்கள், டீ இல்லை, சாப்பாடு இல்லை, பாத்ரூம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். 28,800 வினாடி. 15,000 உத்தரவு என்றால் ஒன்றுக்கு இரண்டு வினாடிகூட இல்லை. 18,000 என்றால் 1.6 வினாடி. ஒரு பெட்ரோல் பில்லை இரண்டு வினாடியில் பார்த்து டிக் அடித்தால் உங்கள் ஆடிட்டர் உங்களை என்ன சொல்வார்? அந்த இரண்டு வினாடிக்குள் இவர் தீவிரவாதியா, எதிர்க்கட்சித் தலைவரா, அல்லது யாரோ ஒரு அதிகாரியின் மைத்துனருடைய வியாபாரப் போட்டியாளரா என்று கண்டுபிடித்தாக வேண்டும். தும்மினால் நாலு பேர் போனார்கள். நான் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறார்கள். 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது, 2024 டிசம்பரில் ஒட்டுக்கேட்புக்கான புதிய விதிகளும் வந்தன. குழுவில் அதே செயலாளர்கள்தான்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2011-ல் போடப்பட்ட ஒரு ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்போ சம்பந்தப்படாமல், ஒரு குற்றத்தைத் துப்பறிவதற்காக மட்டும் அந்தரங்கத்துக்குள் நுழைய முடியாது என்றார். அந்த உரையாடல்கள் மறுஆய்வுக் குழுவின் முன்னால் வைக்கப்படவே இல்லை என்பதும் அதில் வந்தது. அந்த இரண்டு வினாடிகூடக் கிடைக்கவில்லை!

இன்னொன்று. உங்களிடம் ஒன்றும் இல்லாவிட்டாலும் உங்கள் கணினியில் இருக்கலாம். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, மாவோயிஸ்டுத் தொடர்பு என்று குற்றம்சாட்டிய பீமா கோரேகான் வழக்கில் கைதாகி, 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் காவலில் இருக்கும்போதே மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவர் கணினிக்குள் யாரோ ஊடுருவி, அவருக்கே தெரியாமல் கோப்புகளை வைத்திருக்கிறார்கள் என்று ஆர்செனல் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2022 டிசம்பரில் சொன்னது. விசாரணை அமைப்பு இப்படியான அறிக்கைகளை ஏற்கவில்லை. பார்கின்சன் நோயில் கை நடுங்கியதால் சிறையில் தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சு குவளை கேட்டு நீதிமன்றத்துக்கு மனுப் போட்டவர் அவர். இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

ஆப் கேள்வி பாக்கியிருக்கிறது. எனக்கு அதெல்லாம் தெரியாது. பெகாசஸ் மாதிரி ஒன்று போனுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டால் எந்த ஆப்பில் பேசினாலும் ஒன்றுதான் என்று மகள் சொல்கிறாள். பூட்டு வாசலில் தொங்குகிறது, திருடன் கட்டிலுக்கு அடியில் இருக்கிறான். ஆனால் சாதாரண ஆட்கள் எதைப் பயன்படுத்தலாம் என்று ஒரு பெயர் சொன்னாள், உங்களுக்குத் தனி அஞ்சலில் அனுப்புகிறேன்.

நீங்கள் கேட்டபடி பெயரை எடுத்துவிட்டேன். கையெழுத்துக்குக் கீழே ஊரையும் கம்பெனி பெயரையும் போட்டிருந்தீர்கள். அவற்றையும் எடுத்துவிட்டேன்.

அன்புடன்,
அக்கா