ஆங்கிலத்தில் 'கம்' என்ற ஒரே வினைச்சொல் இத்தனை பொருளில் வருகிறதே, இவற்றை எப்படிக் கற்றுக்கொள்வது?

ஐந்நூறு தொடர்கள் கொண்ட ஒரு புத்தகத்தை மனப்பாடம் செய்வதாகவும், இரவு படித்ததில் பாதி காலையில் மறந்துவிடுவதாகவும், செவிலியர் வேலைக்காக அடுத்த ஆண்டு இங்கிலாந்து வரவேண்டும் என்றும் கேள்வியோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். 'கம்' என்ற சொல்லைக் கற்பதற்கு உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல கருவி இருக்கிறது. நம்முடைய 'வா' என்ற சொல்தான் அது. எனக்கு இது புரிய ஒரு நோயாளி கீழே சரிய வேண்டியிருந்தது.

நான் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். 2017 தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு வந்தேன். அப்போது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் நான்கு பகுதிகளிலும் 7 எடுக்கவேண்டும், எடுத்திருந்தேன். உலக வெப்பமயமாதல் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுத முடியும். யார்க்‌ஷயரில் ஒரு மருத்துவமனையின் முதியோர் வார்டில் என்னைப் போட்டார்கள். மூன்றாவது வாரம். எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு நாள். அன்றுதான் எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். நான் பக்கத்துப் படுக்கையின் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்து, "ஐவ் கம் ஓவர் ஆல் ஃபன்னி, லவ்" என்றார்.

'லவ்' என்பது அந்தப் பகுதியில் எல்லோரையும் விளிக்கும் சொல். எங்கள் ஊரில் 'கண்ணு' என்பதுபோல. மீதிச் சொற்கள் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். 'கம்' என்றால் வருவது, 'ஃபன்னி' என்றால் வேடிக்கை. ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து அவரைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அவர் முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை அரும்பி, உடம்பு நாற்காலியிலிருந்து சரியத் தொடங்கியது. எதிர்ப்புறம் இருந்த உதவியாளர் ஓடிவந்து தாங்கிக்கொண்டார். படுக்க வைத்துக் கால்களை உயர்த்தினோம். மேல் ரத்த அழுத்தம் 80. சில நிமிடங்களில் தெளிந்துவிட்டார். அடி எதுவும் படவில்லை. ஆனாலும் ஒரு நோயாளி "எனக்கு முடியவில்லை" என்று சொன்னதற்கு நான் சிரித்திருக்கிறேன். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அன்று இரவு அறையில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். என் பாட்டி வெயிலில் களத்து மேட்டிலிருந்து திரும்பி வந்து திண்ணையில் சாயும்போது என்ன சொல்வார்? "எனக்கு ஒரு மாதிரி வருகிறது, தண்ணீர் கொண்டு வா" என்பார். ஒரு மாதிரி வருகிறது. அந்த அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து இதுதான். 'ஃபன்னி' என்பது 'ஒரு மாதிரி'. 'கம் ஓவர்' என்பது உடம்பின்மேல் ஓர் உணர்வு திடீரென்று வந்து கவிவது. தலை சுற்றிக்கொண்டு வருகிறது, குமட்டிக்கொண்டு வருகிறது, கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்றெல்லாம் நாமும் 'வா'வைத்தான் சொல்கிறோம். ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே படித்ததால் இது என் கண்ணில் படவே இல்லை.

அதன்பிறகு 'வா' என்பது என்ன செய்கிறது என்று யோசிக்கத் தொடங்கினேன். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்திலேயே இதற்கு விதி இருக்கிறது. வருதல், தருதல் என்ற இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதல், கொடுத்தல் என்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை. அதாவது பேசுபவரோ கேட்பவரோ இருக்கும் இடத்தை நோக்கிய அசைவு 'வா'; அதைவிட்டு விலகும் அசைவு 'செல்'. ஆங்கிலத்தின் 'கம்', 'கோ' இரண்டும் பெரும்பாலும் இதே கோட்டில்தான் நடக்கின்றன. நோயாளி மணியை அழுத்தினால் வார்டின் மறுகோடியிலிருந்து "ஐயம் கமிங்" என்று குரல் கொடுக்கிறோம். நாம் கிளம்பித்தான் போகிறோம். ஆனால் கேட்பவர் இருக்கும் இடத்துக்குப் போவதால் அது 'வருகிறேன்' ஆகிறது. தமிழிலும் "இதோ வருகிறேன்" என்றுதான் சொல்வோம். எல்லா மொழிகளிலும் இப்படி அமைவதில்லை. ஸ்பானிய மொழிக்காரர் இதே இடத்தில் தம் மொழியில் 'போகிறேன்' என்பார். இந்த வகையில் நமக்கு ஒரு சுமை குறைவு.

இடத்துக்குச் சொன்ன அதே கணக்கு நிலைக்கும் பொருந்துகிறது. நாம் வழக்கமாக இருக்கும் நிலைதான் 'இங்கே'. அந்த நிலைக்குத் திரும்புவது வருவது. அதிலிருந்து நழுவுவது போவது. மயக்கம் தெளிந்தால் 'கம் ரவுண்ட்' அல்லது 'கம் டு'. நாம் 'நினைவு வந்தது' என்கிறோம். கனவு பலித்தால் 'கம் ட்ரூ'. பால் திரிந்தால் 'கோ ஆஃப்'. நாம் 'கெட்டுப் போயிற்று' என்கிறோம். பார்வை மங்கினால் "மை ஐஸ் ஆர் கோயிங்" என்பார்கள். நாம் 'கண் போய்க்கொண்டிருக்கிறது' என்கிறோம். சாப்பாட்டில் பிடிப்பு விட்டுப்போனால் அதுவும் 'கோ ஆஃப்' தான். மறந்து போயிற்று, உடைந்து போயிற்று, இளைத்துப் போனார் என்று தமிழ் முழுக்க இந்தப் 'போ' இருக்கிறது. இதை ஒருமுறை பார்த்துவிட்டால் உங்கள் ஐந்நூறில் பெரிய பகுதி தானாக நினைவில் நிற்கும்.

'கம் ரவுண்ட்' என்பதை மட்டும் ஒரே நாளில் மூன்று பொருளில் கேட்பீர்கள். காலையில் "டாக்டர் பத்து மணிக்குக் கம் ரவுண்ட் செய்வார்" என்றால் படுக்கை படுக்கையாகச் சுற்றி வருவார் என்று பொருள். மதியம் அறுவை சிகிச்சை முடிந்தவர் கம் ரவுண்ட் ஆனால் மயக்கம் தெளிந்துவிட்டார். முதியோர் இல்லத்துக்குப் போக மறுக்கும் தந்தையைப் பற்றி மகள் "ஹீ வில் கம் ரவுண்ட்" என்றால், கொஞ்ச நாளில் ஒத்துக்கொள்வார், வழிக்கு வருவார் என்று பொருள். மூன்றிலும் ஒரு சுற்றுச் சுற்றி நம் பக்கம் வந்து சேர்வது என்ற படம் இருக்கிறது. அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டால் மூன்றையும் தனித்தனியாக நெட்டுரு போட வேண்டியதில்லை.

தமிழர்கள் அதிகம் தடுமாறும் இடம் வேறு. வருவது யார் என்பதில்தான் இரண்டு மொழிகளும் பிரிகின்றன. நமக்கு நோய் வரும். ஆங்கிலத்தில் பல இடங்களில் ஆள்தான் நோய்க்கு வருகிறார். எனக்குக் காய்ச்சல் வந்தது என்று நான்காம் வேற்றுமை போட்டு நாம் ஒதுங்கி நிற்கிறோம், காய்ச்சல்தான் எழுவாய். அவர்களோ "ஐ கேம் டவுன் வித் எ ஃபீவர்" என்று ஆளை எழுவாயாக்குகிறார்கள். தோலில் தடிப்பு வந்தால் "ஐ கேம் அவுட் இன் எ ராஷ்". இறந்த அத்தையின் சொத்து ஒருவருக்கு வந்தால் "ஹீ கேம் இன்டு மனி". அந்த அம்மா சொன்னதிலும் 'ஐ' தான் எழுவாய். அதனால்தான் 'எனக்கு ஒரு மாதிரி வருகிறது' என்பது எனக்கு உடனே தட்டுப்படவில்லை. எனவே இத்தகைய தொடரைக் கேட்டால் எழுவாயை 'எனக்கு', 'அவருக்கு' என்று மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் தமிழ் வாக்கியம் கிடைத்துவிடும்.

எல்லாமே இப்படித் தலைகீழாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். கடையில் "வாட் டஸ் இட் கம் டு?" என்று கேட்டால் 'மொத்தம் எவ்வளவு வருகிறது?' என்றுதான் பொருள். "இட் கம்ஸ் ஈசிலி டு ஹர்" என்றால் அவளுக்கு அது எளிதாக வரும். 'எனக்குக் கணக்கு வராது' என்று சொல்கிறோமே, அந்த வருதல். வலியைப் பற்றி மருத்துவர் முதலில் கேட்பது "வென் டிட் இட் கம் ஆன்?", அதாவது 'எப்போது வந்தது?' என்பதுதான். மணிக்கட்டு வீங்கினால் "மை ரிஸ்ட் ஹாஸ் கம் அப்" என்பார்கள். வேறு வார்டில் படுக்கை காலியானாலும் அது 'கம் அப்' ஆகும். இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

'கம் ஆஃப்' பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் செவிலியருக்கு இது அபாயமான தொடர். ஒட்டியிருந்தது கழன்று வருவது இதன் அடிப்படை. கைப்பிடி கையோடு வந்துவிட்டது என்கிறோமே, அதேதான். மருந்தோடு சேர்ந்தால், மருந்தை நிறுத்திவிட்டேன் என்று பொருள். கால் வீங்கி மூச்சு வாங்க வந்த ஒருவர், "ஐ கேம் ஆஃப் த வாட்டர் டேப்லெட்ஸ்" என்று போகிறபோக்கில் சொன்னார். வாட்டர் டேப்லெட்ஸ் என்றால் உடம்பின் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை. இரண்டு வாரமாக அதை அவர் விழுங்கவில்லை. அவர் அன்று மருத்துவமனைக்கு வந்த காரணமே அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அதற்குள் எனக்கு அந்தத் தொடர் பழகியிருந்ததால் உடனே மருத்துவரிடம் சொன்னேன். சைக்கிளோடு சேர்ந்தால் இதே 'கம் ஆஃப்' கீழே விழுந்ததைக் குறிக்கும். "கம் ஆஃப் இட்" என்றால் 'சும்மா சொல்லாதே' என்பதுபோல.

உங்களுக்கு மறந்துபோவதை நினைத்து மனம் தளர வேண்டாம். 1755இல் வெளிவந்த ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய இடைஞ்சல் என்று எழுதியிருக்கிறார். அவர் அங்கே காட்டும் முதல் எடுத்துக்காட்டே 'கம் ஆஃப்' தான். தந்திரமாகத் தப்பிப்பது என்று பொருள் தருகிறார். அந்தப் பொருளில் நான் ஒருவர் வாயிலும் கேட்டதில்லை. அகராதியில் இருக்கும் பொருளைவிட வார்டில் கேட்கும் பொருளை நம்புங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் பாடப்புத்தகங்கள் கற்றுத்தருவது பெரும்பாலும் லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்த எழுத்து ஆங்கிலம். மருத்துவக் குறிப்பில் 'வாமிட்' என்று எழுதுவதை நோயாளி 'பிரிங் அப்' என்பார். இந்த 'பிரிங்' நம் 'கொண்டு வா'. 'கம்' என்பதன் உடன்பிறப்பு. இன்னும் சில தொடர்களுக்கு எந்தக் கணக்கும் உதவாது. 'கம் எ க்ராப்பர்' என்றால் குப்புற விழுவது, படுதோல்வி அடைவது. குதிரையேற்றக்காரர்களின் பேச்சிலிருந்து வந்தது. அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். 'கம் அபார்ட்' என்றால் பிய்ந்து போவது. இங்கே நம் 'போ'வுக்கு அவர்கள் 'கம்' போடுகிறார்கள். இப்படிப்பட்டவற்றை மட்டும் ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள். தனிச் சொல்லாக வேண்டாம். யார், எந்த இடத்தில், என்ன நடந்தபோது சொன்னார் என்பதோடு முழு வாக்கியமாக எழுதுங்கள். என் முதல் நோட்டின் முதல் வரி அந்த அம்மா சொன்னதுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஓர் இரவுப் பணியில், பல நாளாக நினைவின்றிக் கிடந்த ஒரு பெரியவர் விடியும் முன் இறந்தார். மனைவிக்குத் தொலைபேசியில் தகவல் சொல்ல வேண்டும். இறப்பைத் தெரிவிக்கும்போது 'டைட்' (இறந்துவிட்டார்) என்ற நேர்ச் சொல்லையே பயன்படுத்த வேண்டும், குழப்பம் வரும் மழுப்பல் சொற்கள் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சி தந்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்: "ஹாஸ் ஹீ கான்?" போய்விட்டாரா? அதை நான் மனத்துக்குள் மொழிபெயர்க்கவே இல்லை. எங்கள் வீட்டில் தாத்தா இறந்த இரவில் என் அம்மா கேட்ட அதே கேள்வி அது. ஆமாம் என்றேன், ஒரு கணம் கழித்து, பயிற்சியில் சொன்ன சொல்லையும் சொன்னேன். அவர் நன்றி சொன்னார். அதற்குமேல் நாங்கள் இருவரும் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

தேர்வுக்கு என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது செவிலியர்களுக்கு ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வும் ஏற்கப்படுகிறது. அதன் பேச்சுப் பகுதியில் நோயாளியாக ஒருவர் உங்களோடு உரையாடுவார். ஆகவே ஒரு தோழியை நோயாளியாக உட்கார வைத்து, உங்கள் பாட்டி நோயைச் சொல்லும் தமிழ் வாக்கியங்களைச் சொல்லச் சொல்லுங்கள். அவற்றை 'கம்', 'கோ', 'பிரிங்' கொண்டு ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். சந்தேகம் வரும் வாக்கியங்களை இந்தப் பதிலின் கீழேயே எழுதுங்கள். இந்த வாரம் எனக்கு இரவுப் பணி. எழுந்ததும் பிற்பகலில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.